மகனின் பெயர் ஜெனீவாவுக்குப் போகுமுன்

அந்த அம்மா எல்லாக் கடதாசிகளையும் ஒரு சொப்பிங் பையில் போட்டு, ரப்பர் வளையம் சுற்றி, அரிசி வாளிக்குள் இறக்கி வைத்திருந்தார். வெளியே எடுத்து உதறியபோது தவிடு கொட்டியது. பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைக் குழு கொடுத்த அட்டை, 2010இல் அமைந்த நல்லிணக்க ஆணைக்குழுவுக்கும் காணாமல் போனோரைப் பற்றி விசாரிக்க 2013இல் அமைந்த பரணகம ஆணைக்குழுவுக்கும் போனபோது கிடைத்த கடிதங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் லமினேட் செய்த மகனின் படம். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் தொடங்கிய போராட்டத்துக்கு அவர் அந்தப் படத்தோடுதான் போய் வந்தார். வெயில் பட்டுப் பட்டு முகம் மட்டும் வெளுத்துவிட்டது.

வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் தொடர்பான ஐ.நா. செயற்குழுவுக்கு அவருடைய மகனின் வழக்கை அனுப்ப உதவினேன். ஜெனீவாவில் செயலகம் உள்ள அந்தச் செயற்குழு 1980இலிருந்து இயங்குகிறது. அதன் முன் தீர்க்கப்படாமல் கிடக்கும் வழக்குகளின் எண்ணிக்கையில் ஈராக்குக்கு அடுத்த இடத்தில் இருப்பது இலங்கை. இதே வேலையைத் தொடங்கும் பிள்ளைகளுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். அம்மாவை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் எங்கே சந்திப்பது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. அவர் வீட்டுக்குப் புது ஆள் வந்தால் அன்று பின்னேரமே யாராவது வந்து "ஆர் வந்தது, என்ன கதைச்சவை" என்று கேட்பார்கள். முன்பே இரண்டு தரம் அப்படி நடந்திருக்கிறது. வழக்கில்லாமலே ஆட்களைப் பிடித்து அடைத்து வைக்க இடம் கொடுக்கும் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்தது. அதன் பெயரைச் சொன்னாலே அந்த ஒழுங்கையில் கதவு மூடிக்கொள்ளும். ஆகவே இருவருக்கும் பழக்கமான ஒரு வீட்டில், ஒரு சடங்கு நாளில், சமையல் நடக்கும் சத்தத்துக்குப் பின்னால் இருந்து கதைத்தோம். எந்த நாள், எந்த நேரம் என்பதை அம்மாவே சொன்னார். எங்களுடைய வசதிக்காக இடத்தை முடிவு செய்யக் கூடாது. ஆபத்து எந்தப் பக்கத்தால் வரும் என்பது அங்கே இருக்கிறவருக்குத்தான் தெரியும்.

கேள்விகளைக் குறைக்கக் கற்றுக்கொள்ள எனக்கு நாள் எடுத்தது. செயற்குழு கட்டாயமாகக் கேட்பவை கொஞ்சம்தான்: காணாமல் ஆக்கப்பட்டவரின் முழுப்பெயர், குறைந்தது மாதமும் வருடமும், இடம், யார் கொண்டுபோனதாக நம்புகிறார்கள், குடும்பம் எங்கெங்கே தேடியது, அனுப்புகிறவர் யார். அதற்கு மேல் நான் கேட்டால் என் ஆவலுக்காகக் கேட்கிறேன் என்றுதான் அர்த்தம். அம்மா, விடுதலைப் புலிகள் இயக்கத்துடனான யுத்தம் முடிந்த நாட்களில், 2009 மே 18ஆம் திகதி வட்டுவாகலில் மகனை ஆமியிடம் கையளித்தவர். "ஒரு நாள் இயக்கத்தில இருந்தாலும் பதியச் சொல்லித்தான் சொன்னவங்கள். நானே கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் விட்டனான்" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. பஸ்ஸில் ஏற்றியதை அவர் கண்ணால் கண்டது. பஸ் எந்தப் பக்கம் போனது என்பதைப் பக்கத்தில் நின்ற பெண் சொல்லிக் கேட்டது. இரண்டையும் தனித்தனியாக எழுதினேன். கலந்து எழுதினால் பிறகு ஒரு சின்னப் பிழையைப் பிடித்துக்கொண்டு முழு வாக்குமூலத்தையும் பொய் என்பார்கள். அந்தப் பெண்ணின் பெயரை அம்மா சொன்னார், நான் எழுதவில்லை. அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லையே.

கடதாசிகளைப் படம் எடுத்ததில் நான் விட்ட பிழையையும் சொல்ல வேண்டும். இந்த அம்மாவுக்கு முன் இன்னொரு குடும்பத்தின் ஆவணங்களை என் சொந்தப் போனில் எடுத்தேன். போன் தானாகவே படங்களை இணையக் கணக்கில் ஏற்றிவிட்டது. அதே கணக்கு வீட்டில் பிள்ளைகள் விளையாடும் டப்லெட்டிலும் திறந்திருந்தது. அடுத்த நாள் காலை அக்காவின் மகன் "சித்தி, இது ஆர்?" என்று ஒரு அடையாள அட்டையின் படத்தைக் காட்டினான். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்தக் குடும்பத்திடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் இந்த வேலைக்கென்று சிம் போடாத பழைய போன் ஒன்றை வைத்துக்கொண்டேன். இருப்பிடத்தைப் பதியும் வசதி நிறுத்தியிருக்கும். படங்கள் அன்றைக்கே கடவுச்சொல் போட்டுப் பூட்டிய டிரைவுக்கு மாறும், போனில் மிஞ்சாது. மூலப் படத்தை வெட்டவோ வெளிச்சம் கூட்டவோ மாட்டேன். தேவையென்றால் பிரதியில்தான் செய்வேன். கோப்புகளுக்குப் பெயர் இல்லை, இலக்கம் மட்டும். எந்த இலக்கம் யார் என்ற பட்டியல் வேறொரு ஊரில், வேறொருவரிடம்.

ஆனால் எனக்குக் கடினமாக இருந்தது இது எதுவும் இல்லை, சம்மதம்தான். செயற்குழு வழக்கை ஏற்றுக்கொண்டால் அதை இலங்கை அரசாங்கத்துக்கே அனுப்பி விளக்கம் கேட்கும். முறைப்பாடு செய்தவர் யார் என்பதை மறைக்கச் சொல்லலாம். மகனின் பெயரை மறைக்க முடியாது, பெயர் இல்லாமல் தேட முடியாதே. இதைச் சொன்னதும் அம்மா என்னைப் பார்த்தார்.

"அப்ப திரும்பவும் அவங்கட கைக்குத்தான் போகுது, என்ன பிள்ளை?"

"ஓம் அம்மா."

"சின்னவன் வீட்டில இருக்கிறான்."

நான் படிவத்தை மூடி வைத்தேன். ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம், சட்டப்படி அது போதும். ஆனால் எந்த நன்மை வரும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது, என்ன ஆபத்து வரலாம் என்பதை மட்டும்தான் சொல்ல முடியும். சின்ன மகனோடு கதையுங்கள், அனுப்புவதற்கு முதல் எந்த நேரமும் வேண்டாம் என்று சொல்லலாம் என்றேன். மூன்று கிழமை போனது. நான் கேட்கவில்லை. பிறகு அம்மாவே தெரிந்த ஒருவர் மூலம் "வரச்சொல்லுங்கோ" என்று சொல்லி அனுப்பினார். அன்று சின்ன மகனும் வந்திருந்தான். தமிழில் எழுதியதை வரிவரியாக வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் அம்மா நிறுத்தினார். மகன் போட்டிருந்த சேட் நீலம் என்று எழுதியிருந்தேன். "நீலம் இல்லை பிள்ளை. நீலக் கோடு போட்டது." திருத்திய பிறகுதான் ஆங்கிலத்தில் படிவத்தை நிரப்பினோம்.

பதில் வரப் பல மாதம் ஆனது. வழக்கு ஏற்கப்பட்டு அரசாங்கத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறது, இதுதான் அதன் இலக்கம் என்று ஒரு கடிதம். அதை வீட்டில் வைத்திருப்பது பாதுகாப்பில்லை, நானே வைத்திருக்கிறேன் என்றேன். சரி என்று தலையாட்டினார். பிறகு, மகனின் பெயர் கடிதத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டச் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. விரல் வைத்துக் காட்டினேன். என் விரலை விலக்கிவிட்டுத் தன் விரலை அந்த எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டு இருந்தார்.