கோப்பு "டிஜிட்டல் ஆகிக்கொண்டிருக்கிறது"

சீனாவில் ஒரு மாகாண ஆவணக் காப்பகத்தில் 1959–61 பஞ்சகாலக் கோப்புகளைப் பார்க்கப் போனேன். விசா, வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் பதிவு எல்லாம் சுலபமாக முடிந்துவிட்டன. இழுத்தடித்தது அறிமுகக் கடிதம்தான்.

வெளிநாட்டவர் என்றால் அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்று சிவப்பு முத்திரை குத்திக் கடிதம் தர வேண்டும். என் கடிதத்தில் 'மக்கள் கம்யூன்கள் பற்றிய ஆய்வு' என்று இருந்தது; கம்யூன் என்பது அந்தக் காலத்துக் கூட்டுப் பண்ணை அமைப்பு. கவுன்ட்டரில் இருந்த பெண்மணி, "இது ரொம்பப் பொதுவாக இருக்கிறது, குறிப்பாக எழுதி வாங்கி வாருங்கள்" என்றார். ஆண்டு போட்டு வாங்கிப் போனால், அந்த ஆண்டுகளின் கோப்புகள் டிஜிட்டல் ஆகிக்கொண்டிருக்கின்றனவாம். எப்போது முடியும்? தெரியாதாம். பழைய ஆய்வு ஒன்றின் அடிக்குறிப்பில் இருந்த கோப்பு எண்ணையே நீட்டினேன். கணினியில் அப்படி ஒன்று இல்லை என்றார்.

2021 ஜனவரியில் அமலுக்கு வந்த திருத்திய ஆவணக் காப்பகச் சட்டப்படி, 25 ஆண்டு கடந்த ஆவணங்களைப் பொதுவாகத் திறந்துவிட வேண்டும். நாட்டுப் பாதுகாப்பு என்று சொல்லி நிறுத்திவைக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. ஆகவே சட்டம் பேசிப் பயனில்லை. மறுப்பை எழுதித் தரச் சொன்னேன். சிரித்துக்கொண்டே வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். கோபம் இன்னும் அடங்கவில்லை, ஆனால் அவர் கணக்கு புரிகிறது. கோப்பைத் தராவிட்டால் அவரை யாரும் கேட்கப்போவதில்லை. தந்து ஏதாவது ஆனால் மாட்டுவது அவர்தான். மேலிருந்து ஒருவரும் தடை போட வேண்டிய அவசியமே இல்லை.

போகிறவர்களுக்கு: கடிதத்தில் 'பஞ்சம்', 'அரசியல்' வேண்டாம்; 'வேளாண் பொருளாதார வரலாறு' போதும். சீன ஆய்விதழ்களும் ஆய்வேடுகளும் கிடைக்கும் சிஎன்கேஐ (CNKI) இணையதளத்தில் வேண்டிய ஆய்வேடுகளையும் புள்ளிவிவர ஆண்டு நூல்களையும் அங்கே இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டுச் சந்தாக்களுக்கு அவற்றைக் கட்டுப்படுத்திவிட்டார்கள்.

கடைசியில் கைகொடுத்தது ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக நூலகம். சீனாவை ஆராயும் வெளிநாட்டு ஆய்வாளர்களுக்காக ஹாங்காங்கில் 1963இல் தொடங்கிய பல்கலைக்கழகச் சேவை மையத்தின் சேகரிப்பு இப்போது அங்கேதான். அதில் கவுண்டி (மாகாணத்துக்குக் கீழுள்ள நிர்வாகப் பிரிவு) வாரியான வரலாற்றுத் தொகுப்புகள் உள்ளன. அவற்றின் கட்டுரைப் பகுதி பஞ்சத்தைப் பற்றி மழுப்பும். மக்கள்தொகை அட்டவணைக்குப் போங்கள். அரசே வெளியிட்ட தேசியக் கணக்கில் 1960இல் ஆயிரத்துக்கு 20.86 பிறப்பு, 25.43 இறப்பு. கவுண்டிவாரியாகப் பார்த்தால் எங்கே எவ்வளவு மோசம் என்பது தெரியும். நான் தேடிய கவுண்டியின் தொகுப்பில் அந்த ஆண்டுகளே இல்லை. பக்கத்துக் கவுண்டியில் ஒரு வரி விடாமல் அச்சிட்டிருந்தார்கள். ஒன்றில் இல்லையென்று விட்டுவிடாமல் மாகாணம் முழுக்கப் புரட்டிப் பாருங்கள்.