அவன் சொன்ன "ஆமா"

அன்று அந்தப் பையனிடம் கேட்ட கேள்வியை இதுவரை இருபது விதமாக மாற்றிக் கேட்டுப் பார்த்துவிட்டேன், மனதுக்குள்தான். எப்படிக் கேட்டாலும் அவன் ஒரே மாதிரிதான் தலையாட்டுகிறான்.

"ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் எதாவது எடுத்துச் சாப்பிடுவியா தம்பி? அம்மா திட்ட மாட்டாங்க, சொல்லு."

அவன் அம்மாவைப் பார்த்தான். அப்புறம் என்னை. "ஆமா" என்றான்.

ஒன்பது வயது. ஐந்து மாதத்தில் 11 கிலோ ஏறியிருந்தான். குழந்தை மருத்துவர் தைராய்டு பார்த்து, சர்க்கரை பார்த்து, எல்லாம் சரி என்று எழுதி டயட்டீஷியனிடம் அனுப்பியிருந்தார். எங்களிடம் வருகிற குழந்தைகளில் பாதிப்பேர் இப்படித்தான் வருவார்கள். ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருக்கும், எடை மட்டும் சரியாக இருக்காது. அதன் பிறகு பழி சாப்பாட்டின் மேல் விழும். சாப்பாட்டிலிருந்து அம்மாவின் மேல் விழ அதிக நேரம் ஆகாது.

அந்த அம்மா கேட்காமலேயே ஒரு நோட்டு கொண்டுவந்திருந்தார். ஸ்கேலால் கோடு போட்டு நேரம், பொருள், அளவு என்று பிரித்து இரண்டு வாரத்துக்கு எழுதியிருந்தார். அளவெல்லாம் கரண்டிக் கணக்கு. ஒரு நாள் மதியத்துக்கு நேரே, "பாதி சாப்பிட்டான். தட்டு முன்னாடியே தூங்கிட்டான்" என்று இருந்தது. நான்கு நாள் தள்ளி மறுபடியும் அதே வரி. இரண்டையும் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்ல முடிந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருக்கும். முதல் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறிகூடப் போட்டேன். பாதி சாப்பிட்டவனுக்கு எப்படி உண்ட மயக்கம் வரும், இங்கேதான் எதையோ மறைக்கிறார்கள் என்பது அதற்கு அர்த்தம்.

நோட்டைக் கூட்டிப் பார்த்தால் அவன் வயதுக்குத் தேவையான கலோரிக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது. அந்தச் சாப்பாட்டில் 11 கிலோ ஏறாது. நோட்டு பொய் சொல்கிறதா, உடம்பு பொய் சொல்கிறதா என்று வந்தால் எங்கள் தொழிலில் எப்போதும் நோட்டுதான் பொய்.

இதை முழுத் தவறு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. சாப்பிட்டதைக் குறைத்துச் சொல்வது மனித இயல்பு. உடம்பு செலவழிக்கும் சக்தியை நேரடியாக அளந்து, ஆட்கள் எழுதிக் கொடுத்த சாப்பாட்டுக் கணக்கோடு ஒப்பிட்ட ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. பத்து நோட்டில் ஒன்பதை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குப் பயிற்சி. பத்தாவது நோட்டு வந்தால் அதைக் கண்டுபிடிக்க எந்தப் பயிற்சியும் இல்லை.

"ஆமா" வந்ததும் அம்மா சொன்னார்: "மேடம், நான் அவன் பக்கத்துலதான் படுக்கறேன். அவன் புரண்டு படுத்தாலே முழிச்சுக்குவேன்."

"நீங்களும் தூங்குவீங்க இல்லையா?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் சொன்ன எல்லாவற்றுக்கும் "சரிங்க மேடம்" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்றும் நடந்தது. பையன் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறானே என்று நடுவில் ஒரு ஜோக் சொன்னேன். அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு பாதியில் இருக்கும்போதே இமை இரண்டும் அரைவாசி இறங்கியது. தாடை தொங்கி, நாக்கு நுனி வெளியே வந்தது. விரலிடுக்கில் இருந்த பென்சில் நழுவித் தரையில் உருண்டது. மூன்று விநாடி இருந்திருக்கும். பிறகு அவனே குனிந்து எடுத்துக்கொண்டான். என்னைக் கேலி செய்கிறான் என்று நினைத்தேன். கேஸ் ஷீட்டில் "ஒத்துழைப்பு குறைவு" என்று எழுதினேன். அந்த இரண்டு சொல்லும் என் கையெழுத்தில் இன்னும் அங்கேயே இருக்கிறது.

அது கேட்டாப்ளெக்ஸி. சிரிப்போ, கோபமோ, திடீர் சந்தோஷமோ வரும்போது தசைகள் பிடி விட்டுப் போவது. பெரியவர்களுக்கு முழங்கால் மடங்கும், கையில் இருப்பது விழும். குழந்தைகளுக்கு நோய் தொடங்கும் காலத்தில் முகத்தில்தான் அதிகம் தெரியும். பார்ப்பவர்களுக்குச் சோம்பலாகவோ கோணங்கித்தனமாகவோ படும். நரம்பியல் மருத்துவர் ஒருவர் அந்த மேசைக்கு இந்தப் பக்கம் இருந்திருந்தால் அந்த மூன்று விநாடி போதும். அங்கே இருந்தது நான்.

இது நார்கோலெப்சி, பகலிலும் அடக்க முடியாத தூக்கம் வரும் மூளை நோய், என்று தெரிய இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. இடையில் குறட்டைக்காக டான்சிலையும் அடினாய்டையும் எடுத்திருக்கிறார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது, எடை ஏறிய குழந்தைக்குக் குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் வருவது சகஜம். குறட்டை நின்றது, பகல் தூக்கம் நிற்கவில்லை. வகுப்பில் ஒரு நிமிஷம் உட்கார மாட்டேன் என்கிறான் என்று கவனக்குறைவுக் கோளாறுக்கும் பார்த்திருக்கிறார்கள். தூக்கத்தோடு போராடும் குழந்தை சாயாமல் இருக்கத் துறுதுறுவென்று ஆடிக்கொண்டே இருக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தூங்கப் போகும்போது அறை மூலையில் ஆள் நிற்கிறது என்று அழுதிருக்கிறான். அதற்கு ஒரு மனநல ஆலோசனை. கடைசியில் ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கத்தைப் பதிவு செய்து, மறுநாள் இரண்டு மணி நேர இடைவெளியில் ஐந்து முறை படுக்க வைத்தார்கள். சராசரியாக எட்டு நிமிடத்துக்குள் தூங்கி, குறைந்தது இரண்டு முறை சட்டென்று கனவுத் தூக்கத்துக்குள் போய்விட்டால் சந்தேகம் உறுதியாகும். இவன் ஐந்து முறையும் மூன்று நிமிடம் தாண்டவில்லை. நான்கில் நேராகக் கனவு.

சக ஊழியர்கள் தேற்றினார்கள். இரண்டாயிரம் பேரில் ஒருவருக்கு வருவதாகச் சொல்லப்படும் நோய், டயட்டீஷியனுக்கு எப்படித் தெரியும் என்றார்கள். நியாயம்தான். ஆனால் பிறகு படித்தபோது தெரிந்தது, இந்த நோய் என் துறையின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறது. மூளையில் ஹைபோதலாமஸ் பகுதியில் சுரக்கும் ஒரு பொருளை 1998-ல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. ஒரு குழு ஹைபோகிரெட்டின் என்றது. மற்றது, எலிகளுக்குச் செலுத்தினால் அதிகம் தின்கின்றன என்று பார்த்து, பசி என்னும் பொருள்பட கிரேக்கச் சொல்லிலிருந்து ஒரெக்சின் என்று பெயர் வைத்தது. இரண்டு வருடம் கழித்து, நார்கோலெப்சியோடு வாழ்ந்து இறந்தவர்களின் மூளையைப் பார்த்தால் அதைச் சுரக்கும் செல்களில் பெரும்பகுதி காணவில்லை. விழிப்பைப் பிடித்து நிறுத்துவதும் அதே பொருள்தான்.

பசியைத் தூண்டுவது இல்லாமல் போனால் மெலிய வேண்டும் என்றல்லவா நினைப்போம்? இந்தக் குழந்தைகளில் பலருக்கு நோய் ஆரம்பிக்கும் மாதங்களிலேயே எடை மளமளவென்று ஏறுகிறது. சாப்பாட்டு அளவை மட்டும் வைத்து அந்த ஏற்றத்தை விளக்க முடிவதில்லை. உடம்பு சக்தியைச் செலவழிக்கும் விதமே மாறிவிடுகிறது என்கிறார்கள். சிலருக்குப் பருவ மாற்றம் வயதுக்கு முந்தியே தொடங்கிவிடுகிறது. பதின்வயதில் மனச்சோர்வு கூடவே வருகிறது. அது நோயால் வருகிறதா, "சோம்பேறி", "குண்டு" என்று கேட்டுக் கேட்டு வருகிறதா என்று யார் பிரித்துச் சொல்வது? இரண்டுமாக இருக்கலாம். இரண்டாவதில் என் பங்கு எவ்வளவு என்பதையும் யாரும் அளந்து சொல்ல மாட்டார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் தப்பு செய்தேன் என்று ஒப்புக்கொண்டு இதை மூடி வைத்திருப்பேன். மூட விடாதது அந்த "ஆமா". நார்கோலெப்சி உள்ளவர்களில் சிலருக்கு ராத்திரித் தூக்கம் துண்டு துண்டாக உடையும், எழுந்து சாப்பிடும் உந்துதலும் வரும் என்பதும் உண்மை. அப்படியானால் நான் கேட்டது சரியான கேள்வியா? அவன் சொன்னது நிஜமா? நிஜமாகவே இருந்தாலும் நான் அதை வாங்கி எதற்குப் பயன்படுத்தினேன்? "ஏன்டா முழிக்கிற?" என்று அடுத்த கேள்வி கேட்டிருந்தால் தூக்கத்தின் பக்கம் போயிருப்போம். நான் கேஸை முடித்தேன்.

போன மாதம் மறுபடி வந்தார்கள். இப்போது பதினோரு வயது. ராத்திரி மருந்து சோடியம் ஆக்ஸிபேட், இரண்டு தவணை. இரண்டாவதற்கு அம்மா அலாரம் வைத்து எழுப்பிக் கொடுக்கிறார். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மருந்திலேயே சோடியம் நிறைய. பெரியவர்களுக்கான உச்ச அளவில் ஒரு ராத்திரிக்கு 1,600 மில்லிகிராமுக்கு மேல் போகும், அதாவது ஒரு நாள் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 2,000 மில்லிகிராமில் முக்கால்வாசிக்கும் மேல். அவனுக்குக் குறைந்த அளவுதான் என்றாலும் சாப்பாட்டு உப்பைக் கணக்குப் பார்க்கத்தான் அனுப்பியிருந்தார்கள். எடை நான்கு கிலோ குறைந்திருந்தது. அந்த மருந்து பலருக்கு எடையைக் குறைக்கும். என் டயட் சார்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அம்மா நோட்டு கொண்டுவரவில்லை. நானும் கேட்கவில்லை. உப்பைப் பற்றி எல்லாம் பேசி முடித்து அவர் பில் கட்டப் போன நேரத்தில் பையனிடம் கேட்டேன்.

"முதல் தடவை வந்தப்ப, ராத்திரி சாப்பிடுவேன்னு சொன்னியே, நிஜமாவா தம்பி?"

யோசித்தான். இந்த நோயில் பாதித் தூக்கத்திலேயே கை பாட்டுக்கு வேலை செய்யும், எழுதும், நடக்கும், பிறகு நினைவே இருக்காது என்பதும் நான் படித்ததுதான். அதனால் அவன் என்ன சொன்னாலும் எனக்கு உதவாது என்று தெரிந்தேதான் கேட்டேன்.

"தெரியல மேடம். தூக்கமா வந்துச்சு. ஆமான்னு சொன்னா வீட்டுக்குப் போயிடலாம்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா சாப்பிட்டிருந்தாலும் சாப்பிட்டிருப்பேன்" என்றான்.

அம்மா திரும்பி வந்தார். "என்னடா சொல்லிட்டிருக்க?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லம்மா" என்று நான்தான் முந்திக்கொண்டேன்.