இரண்டு இதழ்களோடு நாற்பத்து மூன்று ஆண்டுகள்

2007-ஆம் ஆண்டு, எனக்கு 28 வயதாக இருந்தபோது, ஆயுள் காப்பீட்டுக்காகச் செய்த மருத்துவப் பரிசோதனையில், என் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த மருத்துவர் வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கழுத்தின் இரு பக்கமும் வைத்துக் கேட்டார். இதயத்தில் ஒரு முணுமுணுப்பு ஓசை கேட்பதாகவும், எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் பரிசோதனை, எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது என்றும் சொன்னார். எடுத்த எக்கோவில், என் பெருந்தமனி வால்வுக்கு மூன்று இதழ்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கின்றன என்றும், அடைப்பு லேசானது என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எக்கோ எடுக்க வேண்டும் என்பது அறிக்கையின் கடைசி வரி. கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்பு பார்ப்பது என் தொழில். ஊரார் எழுத்தில் ஒற்றுப் பிழையைக்கூட விடாத நான், எனக்கென்று எழுதப்பட்ட அந்த ஒரு வரியைப் பதினான்கு ஆண்டுகள் விட்டுவிட்டேன்.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. 'லேசானது' என்ற சொல் மட்டும் மனத்தில் தங்கிவிட்டது, அவ்வளவுதான். உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் இப்போது திரும்பிப் பார்த்தால், அந்த ஆண்டுகளில் நான் என் நடமாட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டே வந்திருக்கிறேன் என்பது தெரிகிறது. முப்பத்தைந்து வயதில் சைக்கிளை விட்டு மொபெட்டுக்கு மாறினேன். மாடியில் இருந்த என் மேசையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக் கேட்டேன். நண்பர்களோடு நடக்கும்போது பேச்சை அவர்களிடம் விட்டுவிட்டுக் கேட்பவனாகிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் அப்போது ஒரு நியாயமான காரணம் இருந்தது. சுவாமிமலையில், அறுபது தமிழ் ஆண்டுகளைக் குறிக்கின்றன என்று சொல்லப்படும் அந்த அறுபது படிகளை ஒரே மூச்சில் ஏறிக்கொண்டிருந்தவன், 2021-இன் இறுதியில் பாதியில் நின்று கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டேன். அதற்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது: அந்த மே மாதம் எனக்குக் கொரோனா வந்து போயிருந்தது.

மூச்சு வாங்குவதோடு, வேகமாக நடந்தால் நெஞ்சை அழுத்துவதுபோல் ஒரு வலியும், ஒருநாள் பேருந்தைப் பிடிக்க ஓடியபோது கண் இருட்டிக்கொண்டு வந்ததும் சேர்ந்துகொண்ட பிறகே மருத்துவரிடம் போனேன். முதலில் பார்த்த இடத்தில் டிரெட்மில் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். நல்லவேளையாக அதற்கு முன்பே எக்கோ எடுக்க நேர்ந்தது. அறிக்கையோடு தஞ்சாவூரில் இதய மருத்துவரைப் பார்த்தபோது, அவர் முதலில் செய்த காரியம் அந்த டிரெட்மில் சீட்டின் மேல் குறுக்குக் கோடு போட்டதுதான். அடைப்பு இந்த அளவுக்கு முற்றி, அறிகுறியும் இருப்பவரை இயந்திரத்தில் ஓட விடுவது ஆபத்து என்றார்.

அந்த அறிக்கையில் இருந்த எண்களை எனக்குப் புரியும்படி விளக்க அவர் எடுத்துக்கொண்ட இருபது நிமிடங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். பெருந்தமனி வால்வு என்பது இடது கீழறையிலிருந்து உடல் முழுவதற்கும் ரத்தம் வெளியேறும் வாசற்கதவு. கருவிலேயே இரண்டு இதழ்கள் ஒட்டிப் பிறப்பதால் சிலருக்கு அது ஈரிதழ்க் கதவாகிவிடுகிறது. நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இப்படி இருக்கும், பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். முழுதாகத் திறக்க முடியாததால் எக்கோ திரையில் அது மீன் வாய்போலத் தெரியும். மூன்று இதழ்கள் பகிர வேண்டிய அழுத்தத்தை இரண்டே தாங்குவதால், முதுமையில் படிய வேண்டிய சுண்ணாம்பு பத்து இருபது ஆண்டுகள் முன்னதாகவே படிந்து, இதழ்கள் விறைத்துப்போகின்றன. குழாய் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் எப்படிப் பீய்ச்சி அடிக்குமோ, அப்படி ரத்தம் பீய்ச்சி அடிக்கிறது. அந்த வேகத்தைத்தான் எக்கோ அளக்கிறது. ஆரோக்கியமான வால்வில் நொடிக்கு ஒன்று, ஒன்றரை மீட்டர் வேகம் இருக்கும். 4 மீட்டரைத் தொட்டால் கடும் அடைப்பு. எனக்கு 4.3. வால்வின் இரு பக்கங்களுக்கும் இடையிலான சராசரி அழுத்த வேறுபாடு 40 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டினால் கடுமை, எனக்கு 46. மூன்று, நான்கு சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டிய திறப்பு எனக்கு 0.8 ஆகச் சுருங்கியிருந்தது.

அதே அறிக்கையில், இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் திறன் 60 விழுக்காடு என்றும் இருந்தது. அது நல்ல எண்தானே என்று கேட்டேன். "நல்ல எண்தான். ஆனால் அந்த எண்ணைக் காப்பாற்ற உங்கள் இதயத் தசை எவ்வளவு தடித்திருக்கிறது, பாருங்கள்" என்று சுவரின் அளவைக் காட்டினார். அந்த எண் குறையத் தொடங்கும் வரை காத்திருக்கக் கூடாது என்பதுதான் அவர் சொன்னதன் பொருள். இந்த அடைப்பைக் கரைக்கும் மாத்திரை கிடையாது என்பதையும், அறிகுறி தொடங்கிவிட்ட பிறகு தள்ளிப்போடுவது உயிருக்கு ஆபத்து என்பதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

எனக்கு முற்றிலும் புதிதாக இருந்த செய்தி வேறொன்று. இது வால்வோடு மட்டும் நிற்கும் குறை அன்று. வால்வுக்கு மேலே தொடங்கும் பெருந்தமனியின் சுவரும் பலருக்கு வலுக்குறைந்து, விரிந்துகொண்டே போகக்கூடும். எனக்கு சி.டி. ஸ்கேனில் தமனியின் விட்டம் 43 மில்லிமீட்டராக இருந்தது. பொதுவாக 55 மில்லிமீட்டரில், வேறு ஆபத்துக் காரணிகள் இருந்தால் 50-இல், அறுவை செய்வார்களாம். வால்வுக்காக எப்படியும் மார்பைத் திறக்கும்போது 45-ஐத் தொட்டிருந்தால் தமனியையும் சேர்த்து மாற்றிவிடுவார்கள். இரண்டு மில்லிமீட்டரில் நான் தப்பினேன். சிலருக்குப் பெருந்தமனி கீழே ஓரிடத்தில் குறுகியும் இருக்கும் என்பதால், கையில் பார்த்த ரத்த அழுத்தத்தைக் காலிலும் பார்த்தார்கள்.

காப்பீட்டுக்கான அலைச்சலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்ப ஆண்டு வருமானம் 2022-இல் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டியிருந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போனேன். சான்றில் என் தந்தையின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் இரண்டு முறை திரும்ப நேர்ந்தது. மெய்ப்புத் திருத்துகிறவனுக்கே இந்தக் கதி. சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் அறுவைக்குப் பெயர் பதிந்து, திட்டத்தின் முன் அனுமதி வர மேலும் சில வாரங்கள் ஆயின.

அந்த இடைவெளியில் பல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். இதயத்துக்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு என்று வியந்தவர்களில் நானும் ஒருவன். ஈறு வழியாக ரத்தத்தில் கலக்கும் கிருமிகள் பழுதான வால்விலும், அதைவிட எளிதாகச் செயற்கை வால்விலும் தங்கிப் பெருகிவிடும். அப்படி வரும் தொற்று வால்வையே தின்றுவிடும். சொத்தையாக இருந்த இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள். ஈறு கெட்டதற்கு வெற்றிலை பாக்குதான் காரணம் என்று அதையும் நிறுத்தச் சொன்னார்கள். கும்பகோணத்தில் இருந்துகொண்டு வெற்றிலையை விட்டவன் என்று அச்சகத்தில் இன்றும் கேலி செய்கிறார்கள்.

எந்த வால்வு என்பதை நோயாளியும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டியிருந்தது. மாட்டின் இதய உறையாலோ பன்றியின் வால்வாலோ செய்த திசு வால்வுக்கு ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை வாழ்நாள் முழுவதும் தேவைப்படாது. ஆனால் பத்து, பதினைந்து ஆண்டுகளில் அது தேயும், இளைய உடலில் இன்னும் விரைவாகத் தேயும். உலோக வால்வு பெரும்பாலும் ஆயுளுக்கும் உழைக்கும். ஆனால் மாத்திரையை ஒருநாளும் விட முடியாது. என் வயதில் உலோகத்தையே பெரும்பாலும் பரிந்துரைப்பதாகச் சொன்னார்கள். வெளிநோயாளிப் பிரிவு பெஞ்சில் என்னோடு காத்திருந்த ஓர் இளம்பெண், அதே குறைக்குத் திசு வால்வைத் தேர்ந்திருந்தார். அவருக்குக் குழந்தை வேண்டும். உறைவுத் தடுப்பு மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடும். மறு அறுவை வரும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. இருவரும் அவரவர் வாழ்க்கைக்கு ஏற்பச் சரியாகத்தான் தேர்ந்தோம் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பொருத்தியது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் பல ஆண்டுகள் முயன்று உருவாக்கி, 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட வால்வு இது. உலோக வளையத்துக்குள் சாய்ந்து சாய்ந்து திறந்து மூடும் ஒரு நெகிழித் தட்டு, சுற்றிலும் தைப்பதற்குத் துணி; அவ்வளவுதான் அதன் அமைப்பு.

2022 ஆகஸ்டில் அறுவை நடந்தது. அச்சகத்தில் என்னோடு வேலை செய்யும் நான்கு பேர் ரத்தம் கொடுக்கச் சென்னை வரை வந்தார்கள். நெஞ்செலும்பை நடுவில் பிளந்து, இதயத்தை நிறுத்தி, அதன் வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு வால்வை மாற்றுகிறார்கள் என்பது முன்பே தெரியும். தெரிந்திருந்தும், கண் விழித்தபோது தொண்டையில் குழாய் இருந்ததால் பேச முடியாமற்போன அந்த நேரத்துக்கு நான் தயாராக இருக்கவில்லை. அடுத்த நாள் குழாயை எடுத்தார்கள். இருமும்போது தலையணையை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொள்வதும், மூன்று பந்துகள் உள்ள கருவியில் மூச்சை உள்ளிழுத்துப் பந்துகளை உயர்த்துவதும்தான் அந்த வாரத்தின் முழு வேலை. மூன்று மாதம் வண்டி ஓட்டக் கூடாது, ஒரு குடம் தண்ணீரைக்கூடத் தூக்கக் கூடாது என்று அனுப்பிவைத்தார்கள். வீட்டுக்கு வந்த முதல் இரவு, மின்விசிறியை நிறுத்தியதும், என் மார்பிலிருந்து கடிகாரம்போல் ஓசை வருவதைக் கேட்டு என் மகள் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். நான்கைந்து நாளில் அவளுக்கும் பழகிவிட்டது.

அறுவையைவிட அதற்குப் பிந்தைய கணக்குதான் எனக்குக் கடினமாக இருந்தது. ரத்தம் உறைய எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண் சாதாரணமாக 1 இருக்கும். எனக்கு மருத்துவர் வைத்த இலக்கு 2-க்கும் 3-க்கும் இடையில். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டி மூளைக்குப் போகலாம். கூடினால் உள்ளுக்குள் கசியலாம். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும் என்று கேள்விப்பட்டு, தொடக்கத்தில் கீரையையே ஒதுக்கினேன். புரட்டாசியில் வீட்டில் கறி மீன் கிடையாது. முருங்கைக் கீரையும் அரைக்கீரையும் மாறி மாறி வர, எண் 1.6-க்கு இறங்கிவிட்டது. கீரையை விட வேண்டாம், ஆனால் வாரத்துக்கு வாரம் அளவு மாறக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகே விஷயம் பிடிபட்டது. இப்போது எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் கீரை, அதே ஒரு கட்டு.

இன்னொரு முறை வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் நானாகவே வாங்கிய மெட்ரோனிடசோல் மாத்திரை பெரிய பாடமாகிவிட்டது. ஐந்தாம் நாள் பல் துலக்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்கவில்லை, ஐ.என்.ஆர். 5.8. மருத்துவர் உறைவுத் தடுப்பு மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தி, மறுபடி பார்த்துத் தொடங்கினார். வலி மாத்திரை உட்பட எதையும் அவரைக் கேட்காமல் வாங்குவதில்லை என்று அன்றிலிருந்து இருக்கிறேன். பல் சிகிச்சை என்றால் ஒரு மணி நேரத்துக்கு முன் 2 கிராம் அமாக்சிசிலின் எடுக்க வேண்டும் என்று எழுதிய சீட்டும், செயற்கை வால்வின் விவர அட்டையும் என் சட்டைப் பையிலேயே இருக்கின்றன. வால்வு மாறினாலும் தமனி பழையதுதான் என்பதால், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கிறேன், அச்சகத்தில் காகிதக் கட்டுகளைத் தூக்குவதில்லை, ஆண்டுக்கு ஒருமுறை அளவு பார்க்கிறேன். கடைசியாகப் பார்த்தபோதும் 43 மில்லிமீட்டர்தான்.

உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பத்தில் ஒருவருக்கு இதே குறை இருக்கலாம், ஒருமுறை எக்கோ எடுத்துவிடுங்கள் என்று மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போதே சொல்லியிருந்தார்கள். மகளுக்கு மூன்று இதழ்களும் தெளிவாகத் தெரிந்தன. தம்பியைச் சம்மதிக்க வைக்க எட்டு மாதம் ஆயிற்று. "எனக்கு ஒண்ணும் செய்யலையே அண்ணே, எதுக்கு வீண் செலவு" என்றான். 2007-இல் நான் சொன்னதும் ஏறத்தாழ அதுதான். என் பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் அவன் முன்னால் அடுத்தடுத்து வைத்தேன். மறுவாரம் அவனே போய் எடுத்துவந்தான்: ஈரிதழ் வால்வு, வேகம் 2.2 மீட்டர், லேசான அடைப்பு, தமனி 38 மில்லிமீட்டர். என் ஐ.என்.ஆர். நோட்டின் பின்பக்கத்தில் அவன் பெயரை எழுதி, அந்த எண்களையும் அடுத்த எக்கோவுக்கான மாதத்தையும் குறித்திருக்கிறேன். அந்தத் தேதியை அவனிடம் விடுவதாக இல்லை.