விட்டு வந்தாச்சு, பயம் மட்டும் போகவில்லை

கட்டுப்பாடு மிகுந்த ஒரு மதக் குழுவை விட்டு வருகிறவர்களில் பலருக்கு நம்பிக்கை சீக்கிரமே போய்விடுகிறது. விட்டுப் போனால் தனக்கோ குடும்பத்துக்கோ கெட்டது நடக்கும் என்று அங்கே ஊட்டப்பட்ட பயம் போவதில்லை. தலைவர் சொன்னதில் ஒன்றைக்கூட இப்போது நம்பவில்லை, ஆனாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வயிறு கலங்குகிறது. "நம்பாத ஒன்றுக்குப் போய் ஏன் பயப்படுகிறேன்?" என்று தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். அறிவுக்கும் இதற்கும் அதிகச் சம்பந்தமில்லை. வாதாடி ஜெயித்துவிடலாம் என்று நினைத்து, அந்தப் போதனைகளில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று வருடக்கணக்கில் படித்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. படிப்பது நல்லதுதான். பயம் மட்டும் அதற்கு அசைந்து கொடுப்பதில்லை.

ஏன் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு நல்ல விளக்கம் தருகிறது. 1953இல் உளவியலாளர் ரிச்சர்ட் சாலமனும் அவருடைய சகாக்களும் நாய்களை வைத்துச் செய்தது. ஒரு சைகை வரும். சில நொடிகளில் தரையில் மின்சாரம் பாயும். அதற்குள் தடுப்பைத் தாண்டி மறுபக்கம் குதித்துவிட்டால் தப்பலாம். நாய்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டன. பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். நாய்கள் குதிப்பதை நிறுத்தவில்லை; சைகை வந்தபோதெல்லாம் குதித்தன, நூற்றுக்கணக்கான முறை. குதித்துவிடுவதாலேயே, தரையில் இப்போது ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்ள அவற்றுக்கு வழியில்லாமல் போயிற்று. (கொடுமையான ஆய்வு, இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள்.)

குழுவை விட்டு வந்தவர்களும் இப்படித்தான் குதித்துக்கொண்டே இருக்கிறார்கள். பலருக்குத் தாங்கள் குதிப்பதே தெரிவதில்லை. தலைவரின் பெயரை அடைமொழி இல்லாமல் உச்சரிக்க மாட்டார்கள். குழு கொடுத்த படமோ பொருளோ "அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்று அலமாரியில் இருக்கும். குழுவைக் குறை சொன்ன கையோடு மனதுக்குள் ஒரு "மன்னிச்சிடு" ஓடும். பயணம் கிளம்பும் முன் பழைய ஜெபத்தில் ஒரு வரி வந்து போகும். நல்லது நடந்தால் வெளியே சொல்லாமல் பொத்திவைப்பார்கள். காரணமே இல்லாமல் வீட்டுக்கு போன் போட்டு எல்லோரும் நலமா என்று கேட்பார்கள். விட்டுப் போன மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்று இரவில் இணையத்தில் துழாவுவார்கள். முதல் வேலை, எதையும் மாற்றாமல் ஒரு வாரம் இவற்றைக் குறித்துவைப்பது. எதிர்பார்த்ததைவிடப் பட்டியல் நீளமாகத்தான் வரும்.

அடுத்தது, பயத்திடம் தேதி கேட்பது. "ஏதோ கெட்டது நடக்கும்" என்பது ஒருநாளும் பொய்யாகாது, ஏனென்றால் அதற்குக் கெடு இல்லை. ஒரு நோட்டில் கோடு போட்டு நான்கு பத்தி பிரியுங்கள்: என்ன செய்யப்போகிறேன்; பயம் என்ன நடக்கும் என்கிறது, யாருக்கு, எந்தத் தேதிக்குள்; 0 முதல் 100 வரை எவ்வளவு நம்புகிறேன்; கடைசியில் என்ன நடந்தது. "அந்தப் படத்தை அப்புறப்படுத்தினால் 14 நாளில் அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பார், நம்பிக்கை 60" என்று எழுத வேண்டும். எழுதவே கை கூசும். கூசுகிற வாக்கியம்தான் சரியான வாக்கியம்.

பிறகு முதல் வாரம் குறித்த பட்டியலிலிருந்து 8, 10 படிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பயத்தை 0 முதல் 100 வரை அளந்து, அந்த அளவுப்படி அடுக்குங்கள். 30, 40 அளவில் இருப்பதில் தொடங்கலாம். பெயரை வெறுமனே சொல்வது, தடுக்கப்பட்டிருந்த புத்தகத்தில் 10 பக்கம் படிப்பது, கூடாது என்று சொல்லப்பட்ட நாளில் ஒரு முக்கியமான வேலையை வைத்துக்கொள்வது, கடைசியாக "நான் வந்துவிட்டேன், திரும்பிப் போக மாட்டேன்" என்று தனியாக, வாய்விட்டுச் சொல்வது. வாரத்தில் நான்கைந்து நாள், வேறு வேறு நேரத்தில், வேறு வேறு இடத்தில் செய்தால்தான் ஊன்றும். ஒரே அறையில் பகலில் மட்டும் செய்தவருக்கு இரவில் பயம் அப்படியே திரும்பிவிடும். ஒவ்வொரு முறையும் பயம் முழுதாக இறங்க வேண்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். சொன்ன தேதி வந்ததா, சொன்னது நடந்ததா என்று பார்ப்பதுதான் முக்கியம்.

இது பெரும்பாலும் கெட்டுப்போவது, குதித்துக்கொண்டே பயிற்சி செய்வதால். படத்தை வெளியே போட்டுவிட்டு, அன்று இரவு ஒரு சின்ன ஜெபம் சொல்லி ஈடுகட்டினால், ஒன்றும் நடக்காததற்கான பெயரை ஜெபம் தட்டிக்கொண்டு போய்விடும். மூச்சுப் பயிற்சிகூட "இதைச் செய்தால்தான் தப்பிப்பேன்" என்ற நிலைக்கு வந்தால் அதுவும் ஒரு குதிதான். ஜோசியரிடம் போய்க் கேட்பது, வேறொரு குழுவில் போய் அடைக்கலம் தேடுவது, இரண்டும் அதே கணக்கு. ஈடுகட்டும் சடங்கைத் தடுத்துச் செய்யும் இந்த முறையை 1966இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் பதிவு செய்தார். பயிற்சியில் பாதி வேலை அந்தத் தடுப்புதான். இன்னொரு தவறு, ஆத்திரத்தில் முதல் நாளே உச்சிப் படிக்குத் தாவி, சாபம் விட்டு, எல்லாவற்றையும் கொளுத்துவது. அந்த இரவு தாங்க முடியாமல் போய், மறுநாளே மன்னிப்புக் கடிதம் எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

சிலரைப் படுத்துவது செயல் அல்ல, எண்ணம். கடவுளைப் பழிக்கும் ஒரு சொல் தானாக மனதில் வந்தாலே தண்டனை உண்டு என்று பழக்கப்பட்டவர்கள் இவர்கள். எண்ணத்தை அமுக்கப் பார்த்தால் அது இன்னும் வரும். வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லி 1987இல் உளவியலாளர் டேனியல் வெக்னர் செய்த சோதனை இதைத்தான் காட்டியது. எனவே விரட்டாதீர்கள், விளக்கமும் தேடாதீர்கள். அந்த வாக்கியத்தை ஒரு தாளில் எழுதி, அடிக்காமல், பரிகார வாக்கியம் சேர்க்காமல், மேசைமேல் விட்டுவிடுங்கள். கவலை நாள் முழுவதும் துரத்தினால், தினமும் ஒரே நேரத்தில் அரை மணி நேரம் அதற்கென்று ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் வருவதை ஒரு வரி குறித்துவிட்டு அந்த அரை மணிக்குத் தள்ளிவிடலாம். படுக்கப்போகும் நேரமாக மட்டும் அது இருக்கக் கூடாது.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. ஒருநாள் உண்மையாகவே கெட்டது நடக்கும். வேலை போகும், ஒரு விபத்து வரும், வீட்டில் ஒரு சாவு விழும். "எதுவும் நடக்காது" என்ற உறுதியின்மேல் மீட்சியைக் கட்டியவர்கள் அன்றைக்கு உடைந்துபோகிறார்கள். அதனால் மனம் தெளிவாக இருக்கும்போதே ஒரு பக்கம் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். குழுவுக்குள் இருந்த காலத்தில், விசுவாசமாக இருந்தவர்களுக்கு வந்த நோய், கடன், விபத்து, சாவு எல்லாவற்றையும் நினைவிலிருந்து அதில் வரிசையாக எழுதுங்கள். உள்ளே இருப்பவருக்கு வந்தால் சோதனை, வெளியே போனவருக்கு வந்தால் தண்டனை, ஒன்றுமே வரவில்லை என்றால் "இன்னும் காலம் வரவில்லை". மூன்றுக்கும் பதில் தயாராக இருக்கும் கூற்றை எந்த நிகழ்ச்சியும் நிரூபிக்காது. இதையும் அந்தப் பக்கத்தில் உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள்.

அந்தப் பக்கத்தின் அடியில் கைக்கு உதவும் விஷயங்கள் இருக்கட்டும்: கூப்பிட வேண்டிய இரண்டு பேரின் எண், 30 நாளுக்குத் திரும்பிப் போவது பற்றி எந்த முடிவும் எடுப்பதில்லை, குழுவிலிருந்து வரும் அழைப்புக்கு அதுவரை பதில் இல்லை. துக்கச் செய்தி கேட்டு அன்போடு பேச வருகிறவர்கள், உங்கள் தடுமாற்றம் தெரிந்துதான் சில சமயம் வருகிறார்கள். நோய்க்கு மருத்துவர் சொன்ன காரணத்தையும் விபத்துக்குக் காவல்துறை எழுதிய காரணத்தையும் அப்படியே அந்தப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். துக்கம் துக்கமாகவே இருக்கும். அதன்மேல் குற்ற உணர்வு ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மனிதர்களிடமிருந்து வரும் ஆபத்து வேறு கணக்கு. அடிப்பேன் என்ற மிரட்டல், பிள்ளைகளைப் பிரிப்பது, சொத்துப் பத்திரத்தையோ அடையாள ஆவணங்களையோ பிடித்துவைப்பது எல்லாம் நிஜமானவை. அவற்றுக்குப் பயிற்சி மருந்தல்ல. செய்திகளைச் சேமித்துவைத்து, வழக்கறிஞரையோ காவல் நிலையத்தையோ அணுக வேண்டும்.

தூக்கம் வாரக்கணக்கில் கெட்டால், சடங்குகளே நாளின் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றால், மனநல நிபுணர் தேவை. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே உதவி தேடுங்கள். நிபுணரிடம் போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: பயத்தை நேராகச் சந்திக்க வைத்து, ஈடுகட்டும் சடங்கைத் தடுக்கும் சிகிச்சையை நீங்கள் செய்திருக்கிறீர்களா? எனக்கு இன்னும் கடவுள் நம்பிக்கை இருந்தால் அதை எப்படிக் கையாள்வீர்கள்? நம்பிக்கையைக் கேலி செய்கிறவரும் வேண்டாம், "மறுபடி அங்கேயே போய் மனசைச் சாந்தப்படுத்திக்கொள்ளுங்கள்" என்கிறவரும் வேண்டாம்.