ஒரே அழைப்பு மணிக்கு மூன்று குடித்தனம்

கணினியோடு இணைத்த இசைக் கீபோர்டில் கட்டையை அழுத்தினால் சத்தம் ஒரு நொடித்துளி தள்ளி வருகிறது. இதுதான் பிரச்சினை. தனித்தனி ஸ்வரமாக வாசிக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. பிட்ச் வீலை ஆட்டி கமகம் கொண்டுவரப் பார்த்தால் உடனே மாட்டிக்கொள்ளும். கை முன்னால் போகும், காது பின்னால் வரும்.

ரெக்கார்டிங் மென்பொருளில் பஃபர், அதாவது ஒலியை ஒரு தடவைக்கு எவ்வளவு சேர்த்து அனுப்புவது என்ற அளவு, 512 சாம்பிளில் இருந்தது. 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிளில், அது 10.7 மில்லி செகண்ட். 128-க்கு இறக்கினால் 2.7 மில்லி செகண்ட்தான். ஆனால் இறக்கிய மறுநிமிடம் ஸ்பீக்கரில் கடுகு வெடிக்க ஆரம்பித்துவிடும். இத்தனைக்கும் பிராசசர் 15 சதவீதத்தைக்கூடத் தாண்டவில்லை. பத்து வயது தாண்டிய டெஸ்க்டாப், விண்டோஸ் 10, ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், தனி கிராஃபிக்ஸ் கார்டு. பழசுதான், ஆனால் இந்த வேலைக்குப் போதும் என்று இன்னமும் நம்புகிறேன்.

முதல் ஞாயிறு லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியைப் பத்து நிமிடம் ஓடவிட்டேன். டிபிசி எனப்படும் டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) வேலைகளில் கிராஃபிக்ஸ் டிரைவருடையது ஒன்று 1,900 மைக்ரோ செகண்ட் வரை இழுத்திருந்தது. டிபிசி 100 மைக்ரோ செகண்டுக்குள் முடிய வேண்டும் என்பது டிரைவர் எழுதுகிறவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கும் அளவு. பிராசசரின் ஒரு கோரில் டிபிசி ஓடும்வரை வேறு எந்த நிரலும் அங்கே உள்ளே வர முடியாது, ஆடியோவுக்கு எவ்வளவு முன்னுரிமை கொடுத்திருந்தாலும் சரி. 2.7 மில்லி செகண்ட் கெடுவில் 1.9 இப்படிப் போய்விட்டால் மிச்சத்தில் என்ன செய்வது? கடுகுதான்.

அப்புறம் டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவுக்குப் போய், ரிசோர்சஸ் பை டைப் என்பதைத் தேர்ந்து, சாதனங்கள் பிராசசரைக் கூப்பிடும் இன்டரப்ட் சிக்னல்களின் பட்டியலைத் திறந்தேன். ஐஆர்க்யூ 16 என்ற இன்டரப்ட் எண்ணில் மூன்று பெயர்கள். கிராஃபிக்ஸ் கார்டு, அதன் எச்டிஎம்ஐ ஆடியோ, என் ஆடியோ இன்டர்ஃபேஸ் செருகியிருக்கும் அதே யூஎஸ்பி 2 கன்ட்ரோலர்.

பழைய ஒண்டுக்குடித்தன வீட்டில் வாசலில் ஒரே அழைப்பு மணி இருக்குமே, அந்தக் கதைதான். மணி அடித்தால் மூன்று வீட்டுக்காரர்களும் வரிசையாக எழுந்து வந்து, "எனக்கா?" என்று பார்க்க வேண்டும். கார்டுகளை மதர்போர்டில் செருகும் பழைய பிசிஐ இணைப்பின் காலத்தில் ஒரு சாதனத்துக்கு அதிகபட்சம் நான்கு இன்டரப்ட் கம்பிகள்தான்; பல சாதனங்கள் அவற்றைப் பங்கு போட்டுக்கொண்டன. அதற்குப் பின் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸில் அந்தக் கம்பி கிடையாது, ஆனாலும் பழைய முறையில் இருக்கும் டிரைவருக்காக அதைப் பாவனை செய்கிறது. மாற்று வழி எம்எஸ்ஐ, அதாவது மெசேஜ் சிக்னல்ட் இன்டரப்ட். சாதனம் குறிப்பிட்ட ஒரு முகவரியில் ஒரு மதிப்பை எழுதிவிடும். யார் கூப்பிட்டது என்பது அதிலேயே தெரிந்துவிடும். மற்றவர்கள் எழுந்து வர வேண்டாம். விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் இது உண்டு. பட்டியலில் கழித்தல் குறியோடு எண் இருந்தால் அந்தச் சாதனம் எம்எஸ்ஐயில் ஓடுகிறது என்று பொருள். என் நெட்வொர்க் கார்டு ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது.

இரண்டாம் ஞாயிறு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைத்தேன். அதற்கு முன் பென்டிரைவில் லினக்ஸை பூட் செய்து, எல்எஸ்பிசிஐ கட்டளையில் எந்தெந்தச் சாதனத்துக்கு எம்எஸ்ஐ வசதி இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். கிராஃபிக்ஸுக்கும் அதன் ஆடியோவுக்கும் இருந்தது. யூஎஸ்பி 2 கன்ட்ரோலருக்கு இல்லவே இல்லை. பரவாயில்லை, மற்ற இருவரும் காலி செய்தால் 16 அதற்கு மட்டும்தானே.

டிவைஸ் மேனேஜரில் சாதனத்தின் இன்ஸ்டன்ஸ் பாத்தைக் குறித்துக்கொண்டு, ரெஜிஸ்ட்ரியில் கரன்ட் கன்ட்ரோல் செட், ஈனம் (Enum), பிசிஐ என்று இறங்கி, அந்தச் சாதனத்தின் டிவைஸ் பாராமீட்டர்ஸுக்குள் இன்டரப்ட் மேனேஜ்மென்ட் வரை போக வேண்டும். அங்கே மெசேஜ் சிக்னல்ட் இன்டரப்ட் ப்ராப்பர்ட்டீஸ் என்ற கீயில் எம்எஸ்ஐ சப்போர்ட்டட் என்ற டிவேர்ட் (எண்) மதிப்பை 1 ஆக்கினேன். ரீஸ்டார்ட். பட்டியலில் இரண்டுக்கும் கழித்தல் எண், 16-இல் யூஎஸ்பி மட்டும். அல்ப சந்தோஷம்தான், ஆனாலும் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாருக்கும் எதுவும் புரியவில்லை.

128-இல் கடுகு சில நொடிக்கு ஒருமுறை என்பது சில நிமிடத்துக்கு ஒருமுறை என்றானது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். பேராசை. எஸ்எஸ்டி மாட்டியிருக்கும் கூடுதல் சாட்டா கார்டும் பழைய முறையிலேயே இருந்தது. லினக்ஸ் பட்டியலைப் பார்க்காமலேயே அதையும் 1 ஆக்கினேன். கணினி எழவே இல்லை. புள்ளிகள் சுற்றும், ரீஸ்டார்ட் ஆகும், மறுபடி சுற்றும். சேஃப் மோடும் கைகொடுக்கவில்லை. அதிலும் அதே டிரைவர், அதே அமைப்பு. ரிகவரி திரையில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ரெஜெடிட்டை ஓட்டி, விண்டோஸ் கோப்புறையின் சிஸ்டம்32, கான்ஃபிக் உள்ளே இருக்கும் சிஸ்டம் என்ற ரெஜிஸ்ட்ரி கோப்பை லோட் ஹைவ் வழியாக ஏற்றினேன். வெளியிலிருந்து திறக்கும்போது அதில் கரன்ட் கன்ட்ரோல் செட் இருக்காது. இது தெரியாமல் அரை மணி நேரம் தேடினேன். கன்ட்ரோல் செட் 001-க்குள் போய் அந்த மதிப்பை 0 ஆக்கி, அன்லோட் செய்த பிறகுதான் மூச்சு வந்தது. மணி இரவு ஒன்றரை.

மூன்றாம் வாரம் மிச்சக் கடுகைத் தேடினேன். லேட்டன்சிமானில் கிராஃபிக்ஸின் உச்ச டிபிசி 1,900-லிருந்து 1,600-க்குத்தான் இறங்கியிருந்தது. எம்எஸ்ஐ மணி அடிக்கும் விதத்தைத்தான் மாற்றும். மணி கேட்டபின் டிரைவர் செய்யும் வேலையைக் குறைக்காது. ரெஜிஸ்ட்ரியில் அதே இன்டரப்ட் மேனேஜ்மென்டுக்குள் இருக்கும் அஃபினிட்டி பாலிசியில் டிவைஸ் பிரையாரிட்டியை 3, அதாவது உயர்ந்தது என்று வைத்துப் பார்த்தேன். எந்த வித்தியாசமும் இல்லை, எடுத்துவிட்டேன். இதை மந்திரம் போலப் பரிந்துரைக்கிறவர்கள் அளந்து பார்த்தார்களா என்று சந்தேகமாக இருக்கிறது. உண்மையில் உதவியது வேறு. வைஃபை அடாப்டர் அவ்வப்போது அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகளைத் தேடும்போதெல்லாம் நெட்வொர்க் டிபிசி எகிறியது. டிவைஸ் மேனேஜரில் அதை டிசேபிள் செய்தேன், மிச்சமிருந்த கடுகும் அடங்கியது. முதல் நாளே இதைச் செய்து பார்த்திருக்க வேண்டும், இரண்டு கிளிக் வேலை.

நடுவில் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தபோது எம்எஸ்ஐ அமைப்பு போய்விட்டது; பட்டியலைப் பார்த்தால் 16-இல் மறுபடி மூன்று பேர். இப்போது அந்த இரண்டு கீகளையும் எக்ஸ்போர்ட் செய்து டெஸ்க்டாப்பிலேயே வைத்திருக்கிறேன், டபுள் கிளிக் செய்து ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

நேற்று 128-இல் நாற்பது நிமிடம் தொடர்ந்து வாசித்துப் பதிவு செய்தேன், ஒரு வெடிப்புகூட இல்லை. 64-இல் இன்னும் வெடிக்கிறது. தனி யூஎஸ்பி 3 கார்டு ஒன்று வாங்கி, இன்டர்ஃபேஸை அதில் மாட்டிப் பார்க்க வேண்டும். இந்த முறை எல்எஸ்பிசிஐ பார்த்துவிட்டுத்தான் எதையும் 1 ஆக்குவேன்.