இரவு பத்து மணிக்கு வந்த மூச்சுப் பயிற்சி

எங்கள் அலுவலகத்தில் ஊழியர் நலனுக்கென்று ஒரு செயலியைக் கொண்டுவந்தபோது, முதல் நாளே அதைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். தியானம், மூச்சுப் பயிற்சி, உறக்கக் கணக்கு, நடையெண்ணிக்கை, ஆலோசகருடன் காணொளி வழிப் பேச்சு என்று அதில் இல்லாதது இல்லை. ஓரிரவு பத்து மணிக்கு, விடிவதற்குள் முடித்தாக வேண்டிய அறிக்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, மூச்சுப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று அது நினைவூட்டியது. சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் விடைகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஓர் ஆய்வு, நலச் செயலிகளையும் மன அழுத்த மேலாண்மைப் பயிற்சிகளையும் பயன்படுத்தியவர்கள், பயன்படுத்தாதவர்களைவிட மேலான நிலையில் இல்லை என்று கண்டது. ஒரே காலத்து விடைகளை ஒப்பிட்ட ஆய்வு என்பதால் அதை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது. ஆனாலும் என் அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம், 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட ஏறத்தாழ 35 விழுக்காடு கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டுச் சொல்லின. மணிக்கணக்கைக் குறைக்காமல் மூச்சை மட்டும் சீர்செய்து என்ன பயன்?

இதனால் இணையக் கருவிகளே வீண் என்று சொல்ல மாட்டேன். 1983இல் ஷெல்டன் கோஹனும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட மன அழுத்த அளவுகோலின் பத்துக் கேள்வி வடிவத்தை மாதம் ஒருமுறை இணையத்தில் நிரப்பி வருகிறேன். கடந்த ஒரு மாதத்தில், காரியங்கள் கைமீறிப் போவதாக எத்தனை முறை உணர்ந்தோம் என்பதுபோன்ற கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 40; எண் கூடக்கூட அழுத்தம் அதிகம். நான்கு கேள்விகள் நல்ல உணர்வைப் பற்றியவை என்பதால், அவற்றுக்கு மதிப்பெண்ணைத் தலைகீழாகப் போட வேண்டும். காகிதத்தில் நிரப்பிய நாட்களில் இதை மறந்து, கிட்டத்தட்ட ஞானியின் நிலையை எட்டிவிட்டதாக ஒருமுறை மகிழ்ந்துபோனேன். இது நோயைக் கண்டறியும் சோதனையன்று. ஆனால் எந்த மாதம் எண்ணிக்கை ஏறுகிறது என்று பார்க்கப் பார்க்க, அது எப்போதும் காலாண்டுக் கணக்கு முடிக்கும் மாதமாகவே இருப்பது புலப்பட்டது. அந்த வரைபடத்தை மேலாளரிடம் காட்டித்தான் அம்மாதங்களில் வாராந்தரக் கூட்டங்களை நிறுத்தி வைக்கக் கேட்டேன், பாதியை நிறுத்தினார்.

அலுவலகச் செயலியிலும் இதுபோன்ற கேள்விகள் உண்டு. அவற்றுக்கு உண்மையான விடை எழுதியவர்கள் எங்கள் குழுவில் இருப்பார்களா என்பது ஐயமே. விடைகள் ரகசியம் என்றார்கள். அடுத்த மாதமே துறைவாரியாகச் சராசரியை வெளியிட்டார்கள். மூன்றே பேர் உள்ள துறையில் சராசரி என்பது ஏறக்குறைய பெயரைச் சொல்வதுதான். சிறு குழுக்களின் முடிவைத் தனியே காட்டக் கூடாது என்ற எளிய விதியை வைத்திருந்தால், மனம் திறந்து எழுதியிருப்போம். நடைப்போட்டியின் தரவரிசையும் அப்படித்தான்: முழங்கால் வலியுள்ள சக ஊழியர் ஒருவர் மாதம் முழுதும் கடைசி இடத்தில் நின்றதை எல்லோரும் பார்த்தோம்.

உண்மையில் உறக்கத்தைத் திருப்பித் தந்தது, நலத்துக்கென்று யாரும் விளம்பரப்படுத்தாத ஒரு வசதி: இரவில் எழுதும் மின்னஞ்சலைக் காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்புவது. எங்கள் குழுவில் எல்லோரும் அதற்கு உடன்பட இரண்டு மாதம் பிடித்தது. மூச்சுப் பயிற்சியையும் விடவில்லை. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில், மதியம், அறிவிப்பையெல்லாம் அணைத்துவிட்டுச் செய்கிறேன்.