துயரறிந்த தாயின் வாசலில்: வற்றாப்பளைப் பொங்கல்

பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினாலும், வயல் வரம்பில் பாம்பைக் கண்டாலும், விமான இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்குள் இறங்கிய காலத்திலும் இலங்கையின் வடக்கேயுள்ள வன்னியில் எங்கள் தாய்மாரின் வாயிலிருந்து முதலில் எழுந்த அழைப்பு ‘அம்மாளாச்சி’ என்பதே. முல்லைத்தீவு மாவட்டத்தில், நந்திக்கடல் நீரேரியோரம், வற்றாப்பளையில் கோயில்கொண்டிருக்கும் கண்ணகி அம்மனைத்தான் எங்கள் குடும்பத்தில் அப்படி அழைத்து வந்தோம். வைகாசி மாதத்தில் பூரணையை அண்டிய திங்கட்கிழமையில் அவளுக்கு நடைபெறும் பொங்கலுக்கு வன்னியின் எல்லாக் கிராமங்களிலிருந்தும் மக்கள் வந்து சேர்வார்கள்.

என் கணவரின் சிறுநீரகங்கள் செயலிழந்து வருவதாக வைத்தியர்கள் கூறிய ஆண்டின் பொங்கலுக்கு நான் பெரியம்மாவுடன் வவுனியாவிலிருந்து புறப்பட்டேன். எங்கள் பகுதியில் விவசாயக் குடும்பங்கள் பலவற்றில் இந்த நோய் இருக்கிறது. வெயிலில் உழைத்துக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வாழ்ந்த மனிதர், தன் உடலுக்குள் என்ன நடந்தது என்று விளங்காமல் கிளினிக் வரிசையில் அமர்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். வீட்டில் அழ முடியாத அழுகையை எங்கேனும் கொண்டுபோய் இறக்கிவைக்க வேண்டும் என்ற எண்ணமே என்னை அன்று பஸ்சில் ஏற்றியது.

ஏ-9 வீதியில் மாங்குளம் வரை சென்று, அங்கிருந்து கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டான் ஊடாகப் போனோம். மாங்குளச் சந்தியில் பாலைப்பழம் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒட்டுசுட்டானில் இறங்கித் தான்தோன்றீஸ்வரரை வணங்கிவிட்டு, நேரம் போகிறதே என்ற அவசரத்தில் உடனே அடுத்த பஸ்சில் ஏறினோம்.

இந்தப் பொங்கல் ஒரே நாளில் தொடங்கி முடிவதன்று. முதலில் பாக்குத்தெண்டல் என்னும் தொடக்கச் சடங்கு நடக்கும். பிறகு முல்லைத்தீவுக் கடலில், சிலாவத்தையிலுள்ள தீர்த்தக்கரையில், அலைகளுக்குள் இறங்கித் தீர்த்தம் எடுப்பார்கள். அந்தக் கடல்நீர் முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே அம்மன் பெயரால் விளக்கு ஏற்றப்படும். எண்ணெய்க்குப் பதிலாகக் கடல்நீர் வார்த்து எரிவதாக நாங்கள் நம்பும் அந்த விளக்கைக் காண்பதற்காகவே ஒரு கிழமை முழுவதும் மக்கள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காட்டு விநாயகருக்குப் பொங்கல் முடிந்ததும், மறுநாள் அங்கிருந்து படையலுக்கான மடைப்பண்டங்கள் எடுத்துச் செல்லப்பட்ட பின்னரே வற்றாப்பளையில் பொங்கல் நடைபெறும். மாடு மேய்த்த சிறுவர்களிடம் முதியவளாக வந்து, பொங்கி உண்டு, எண்ணெய் இல்லையென்று அவர்கள் தயங்கியபோது ‘கடல்நீரில் விளக்கேற்றுங்கள்’ என்று அம்மன் சொன்னாள் என்பது எங்கள் ஊர்களின் நம்பிக்கை. மதுரையை எரித்த சினத்தோடு ஈழத்துக்கு வந்து, ஒவ்வோர் இடமாகத் தங்கி, பத்தாவது இடமான இங்கேதான் அவள் அமர்ந்தாள் என்றும் சொல்வார்கள்.

அந்தச் சினத்தின் காரணத்தை நான் பல காலம் ஆழ்ந்து எண்ணியதில்லை. பெரியம்மாவுடன் சென்ற அன்றுதான் அது என் மனத்தில் தைத்தது. தன் கணவன் கள்வன் அல்லன் என்பதை அரசவையில் சிலம்பை உடைத்து நிறுவியவள் கண்ணகி. நிறுவிய பிறகும் இந்த உலகில் அவனைத் திரும்பப் பெறாதவளும் அவளே. நீதி கிடைத்தும் ஆள் கிடைக்காத துயரம் அவளுக்குத் தெரியும். நீதியும் கிடைக்காமல் ஆளும் கிடைக்காமல் நிற்கும் பெண்கள் வன்னியில் எத்தனை பேர்! அவர்கள் தங்கள் துயரை விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒரு தெய்வம் அவர்களுடைய மண்ணிலேயே இருக்கிறது என்பதைப் பெரிய அருளாகவே நான் கருதுகிறேன்.

பெரியம்மா அப்படிப்பட்ட ஒரு தாய். தன் மகனை அவர் கடைசியாகக் கண்டது போர் முடிந்த 2009 மே மாதத்தில். மக்கள் நந்திக்கடலின் நீரைக் கடந்தும் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தும் வெளியேறிய நாள்கள் அவை. இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்த காலத்திலும், பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வந்த சிறிய அம்மன் படத்தின் முன் விளக்கில்லாமலே கைகூப்பி நின்றவர் அவர். அதன்பின் அவர் ஏறாத அலுவலகம் இல்லை, எழுதிக் கொடுக்காத விண்ணப்பம் இல்லை. 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் போராட்டத்தைத் தொடங்கிய பின்னர், அவரும் பலமுறை போய் அங்கே இருந்தார். கேட்பதற்கு யாரும் இல்லாதபோது தெய்வத்தின் வாசலில் போய் அமர்வது எங்கள் மக்களுக்கு இயல்பாகவே வருகிறது. கத்தோலிக்க மக்களுக்கு மடு மாதா அப்படித்தான். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் மதவேறுபாடின்றி மடு ஆலய வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். 2008 ஏப்ரலில் அந்த மாதாவின் திருவுருவமும் தேவன்பிட்டிக்கு இடம்பெயர நேர்ந்ததைக் கேட்டு, எங்கள் ஊர்ச் சைவப் பெண்களும் கண்கலங்கினார்கள்.

நாங்கள் வற்றாப்பளையை அடைந்தபோது மாலை சரிந்திருந்தது. கோயில் வீதியெங்கும் அடுப்புகள் மூட்டப்பட்டிருந்தன. பாற்செம்பு ஏந்தியவர்களும், தூக்குக்காவடியில் வந்தவர்களும், கற்பூரச் சட்டி எடுத்தவர்களும், சுடுமணலில் உருண்டு வந்தவர்களுமாக நிலம் தெரியாத சனம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரையாகப் புறப்பட்ட அடியார்களும், இந்தப் பொங்கலைக் கண்டுவிட்டுத் தொடர்ந்து நடப்பதற்காக, காவி உடையுடன் ஒரு புறம் அமர்ந்திருந்தார்கள். பெரியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலில் நீர்க்கரைப் பக்கமாகப் போய், நந்திக்கடலைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார். அங்கே அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இத்தனை பேர் அம்மாளாச்சி என்று கதறிய நாள்களில் அவள் எங்கே போயிருந்தாள் என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டிலேயே உண்டு. அந்தக் கேள்வியை நான் பாவம் என்று எண்ணுவதில்லை. கல்லோடு பிணைத்துக் கடலில் எறியப்பட்ட அப்பர் பெருமான் ஐந்தெழுத்தைப் பற்றிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்று சிறுவயதில் படித்தோம். அவருக்கும் நீற்றறை இருந்தது, நஞ்சு இருந்தது, கடலும் இருந்தது. அவற்றுள் ஒன்றேனும் அவர் வழியிலிருந்து விலக்கப்படவில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் இறைவன் உடனிருந்தான் என்பதே அந்த வரலாறு. ஆயினும் நந்திக்கடலில் கரை சேராமற் போனவர்களின் தாய்மாருக்கு இதைச் சொல்லி ஆறுதல்படுத்த என்னால் முடியாது. அந்தத் தாய்மாரே ஆண்டுதோறும் பானையும் அரிசியுமாக இங்கே வருகிறார்கள் என்பதை மட்டும் கண்ணால் கண்டிருக்கிறேன். விடை கிடைத்ததனால் அவர்கள் வரவில்லை. விடை கிடைக்காத நாளிலும் போய் நிற்க ஓர் இடம் வேண்டும் என்பதனால் வருகிறார்கள்.

அன்றிரவு பானை பொங்கி வழிந்தபோது, கணவருக்கு நோய் தீர்ந்தால் கற்பூரச் சட்டி எடுப்பேன் என்று நேர்த்தி வைக்கப் போவதாகப் பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“கேள் பிள்ளை, கேக்காமல் விடாதை. ஆனால் இதைத் தந்தால் அதைத் தாறன் எண்டு அம்மாளோட கணக்குப் பேசாதை. நானும் கனகாலம் அப்பிடித்தான் பேசினனான்.”

“பிறகு ஏன் பெரியம்மா விட்டனீங்கள்?”

“அவன் வராட்டில் வரமாட்டன் எண்டு எனக்குச் சொல்ல ஏலாது. வேற எங்க போறது?”

நேர்த்திக்கடனைக் குறையாகச் சொல்ல நான் விரும்பவில்லை. உடலை வருத்தி நன்றி செலுத்துவோரின் அன்பு பெரிது. ஆனால் பெரியம்மாவின் அந்தச் சொற்களுக்குப் பிறகு என் வேண்டுதல் மாறிவிட்டது. கணவரைக் காப்பாற்று என்று கேட்டேன், அழுதும் கேட்டேன். நிபந்தனை ஒன்றும் வைக்கவில்லை. எது வந்தாலும் அதற்குள் என்னைத் தனியே விட்டுவிடாதே என்று சேர்த்துக்கொண்டேன். விடியற்புறத்தில் பூசை முடிந்து திருநீறு கைக்கு வந்தபோது, பல மாதங்களாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியிருந்ததை உணர்ந்தேன்.

கணவருக்கு இப்போது இரத்தச் சுத்திகரிப்பு நடந்து வருகிறது. அந்த நாள்களில் வைத்தியசாலை வாங்கில் காத்திருக்கும் வேளையில் நான் அம்மாளின் பெயரை மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் காத்திருக்கும் பெண்களிடமும் வற்றாப்பளையைப் பற்றிச் சொல்வேன். அடுத்த வைகாசியில் அவருடைய உடல் இடங்கொடுத்தால், கூட்டம் குறைந்த தீர்த்தமெடுக்கும் கிழமையிலேயே அவரைக் காட்டு விநாயகர் கோயிலுக்கு அழைத்துச் சென்று கடல்நீர் விளக்கைக் காட்ட எண்ணியிருக்கிறோம். உடல் இடங்கொடாவிட்டால், பெரியம்மாவும் நானும் அவருக்காகவும் சேர்த்துப் பொங்குவோம்.